மகளுக்கு இரண்டு கையெழுத்து

என் மகள் தங்கம் பள்ளிக்கூடத்தில் ஒரு வாழைமரம் வரைந்து, இலைக்கெல்லாம் செங்கல் நிறத்தைத் தீட்டி வைத்திருந்தாள். டீச்சர் கூப்பிட்டுக் காட்டியபோது நான் சிரித்தேன். பச்சை கிரேயான் தீர்ந்துபோயிருக்கும் என்றேன். தீரவில்லை. டப்பாவில் புத்தம் புதுசாகக் கிடந்தது. "பச்சை எதுடி?" என்று கேட்டால், குழந்தை கொஞ்சமும் யோசிக்காமல் சிவப்பை எடுத்து நீட்டினாள். என் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது.

எழுபத்து நாலாம் வருஷம் அது. தங்கத்துக்கு ஐந்து வயது. மயிலாப்பூரில் ஒரு கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். நானும் தங்கமும் மட்டும் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. என் கணவர் கணேசமூர்த்தி வந்தார். "நானும் வாரேன்" என்று என் மாமனார் சுயம்புலிங்கமும் காரில் ஏறிக்கொண்டார்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தோளில் துணி மூட்டை சுமந்து தெருத் தெருவாக விற்று, தி.நகரில் பட்டுக் கடை வைத்த மனுஷர். பேச்சு குறைவு. பேசிவிட்டால் அதோடு முடிந்தது, மறுபேச்சு கிடையாது. மாமியார் காலமான பிறகு வீட்டில் அவர் மடியில் உரிமையோடு ஏறி உட்கார்ந்தது தங்கம் ஒருத்திதான்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். பக்கமெல்லாம் கலர் கலராகப் புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே ஒரு எண் மறைந்திருக்கும். எனக்குப் பளிச்சென்று தெரிந்த எண் எதுவும் தங்கத்துக்குத் தெரியவில்லை. "வெறும் புள்ளிதான் அங்கிள்" என்றாள்.

"சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியலை. பயப்பட ஒண்ணுமில்லை, படிப்புக்குத் தடை வராது" என்றார் டாக்டர். "குடும்பத்துல வேற யாருக்காவது உண்டா?"

"என் தம்பி வெள்ளைத்துரைக்கு உண்டு. ரயில்வே வேலைக்குப் போய், கண் டெஸ்ட்ல திருப்பி அனுப்பிட்டாங்க" என்றேன்.

"அப்ப இது உங்க வழி" என்றார் மாமனார். அதில் கோபமில்லை, கணக்கு தீர்ந்த நிம்மதிதான் இருந்தது.

"அம்மா வழி மட்டும் போதாது சார். பையன்னா போதும். பெண் குழந்தைக்கு வரணும்னா அப்பாவுக்கும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் என் கணவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்படி?"

இவர் சிரித்தார். "எனக்கா? நான் பட்டு வியாபாரி டாக்டர். கலரைப் பார்த்துத்தான் எங்க வீட்ல உலையே கொதிக்குது."

டாக்டரின் பேனா நின்றது. "சரி" என்றார். அதற்கப்புறம் அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தங்கத்துக்கு ஒரு மிட்டாய் கொடுத்து, அடுத்த ஆளை வரச் சொல்லிவிட்டார். மாமனார் இதையெல்லாம் கவனித்துக்கொண்டே எழுந்தார். புடவையின் ஒரு இழை விலகினாலும் கண்டுபிடிக்கிற கண் அது.

அந்த அறையில் என்ன நடந்தது என்று என் கணவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஏனென்றால் நான் விலங்கியல் பட்டதாரி. என் அப்பா அய்யாதுரை மயிலாப்பூரில் பலசரக்குக் கடையில் பட்டாணி நிறுத்தார், நான் காலேஜில் பட்டாணிச் செடி படித்தேன். ஒரு தலைமுறை ஒளிந்திருந்துவிட்டு அடுத்த தலைமுறையில் தலைகாட்டும் குணங்களைப் பற்றி அந்தச் செடியை வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அப்புறம் பழ ஈ. பால் பாட்டிலில் ராகிக் கூழும் வாழைப்பழமும் போட்டு வளர்ப்போம். நல்ல ஈக்குச் சிவப்புக் கண். குறையுள்ள ஈக்கு வெள்ளைக் கண். வெள்ளைக்கண் ஆண் ஈ பிறக்க, அம்மாவிடம் அந்தக் குறை ஒளிந்திருந்தால் போதும். வெள்ளைக்கண் பெண் ஈ பிறக்க அம்மாவும் கொடுக்க வேண்டும், அப்பாவும் கொடுக்க வேண்டும். அம்மாவிடம் ஒளிந்திருக்கலாம். அப்பாவிடம் ஒளிய இடமே இல்லை, அவன் கண்ணிலேயே தெரிந்துவிடும். எங்கள் பங்கஜம் மிஸ் சொல்வார்: "மகனுக்கு அம்மா ஒருத்தி கையெழுத்துப் போட்டா போறும்டீ. மகள்னா ரெண்டு பேரும் போடணும்."

தங்கத்துக்கு நான் கையெழுத்துப் போட்டேன். சரி. இன்னொரு கையெழுத்து யாருடையது? என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் காருக்குள் ஏறும்போதே என் கணவரைப் பற்றியும் தெரிந்துவிட்டது. பழுத்த தக்காளியாகப் பார்த்து வாங்கி வாருங்கள் என்றால் காயாக வாங்கி வருகிறவர். வாழைத்தாரைத் தொட்டு அமுக்கிப் பார்த்தே பழமா என்று சொல்கிறவர். இத்தனை நாளும் கவனக்குறைவு என்று நினைத்துத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

ஈக்கு வெட்கமில்லை, வெள்ளைக்கண் என்றால் வெள்ளைக்கண். மறைக்க அதற்கு ஒரு பட்டுக் கடையும் ஒரு மெஹபூப் பாயும் கிடையாது.

மெஹபூப் அலி பாய் எங்கள் கடையின் பெரிய விற்பனையாளர். இராயப்பேட்டைக்காரர், கல்யாணத்துக்கு வாங்க வரும் கூட்டம் அவரைத்தான் தேடும். ஒவ்வொரு புடவையையும் விரிக்கும்போது நிறத்தைச் சத்தமாகச் சொல்லுவார். "அரக்கு உடம்பு, பச்சை பார்டர். மாம்பழ மஞ்சள், மெரூன் முந்தி." காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான், என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவார். எங்கள் கடைக்கே அது ஒரு பெருமை, ஜனங்கள் ரசித்துக் கேட்பார்கள். பெருமையாவது ஒன்றாவது. என் வீட்டுக்காரர் காதால் பட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாமனார் தனியாக டாக்டரைப் பார்க்கப் போய்விட்டு வந்தார். நான் காபி கொடுத்தேன். வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தவர் அதைத் தொடவே இல்லை. தங்கம் ஓடிப்போய் மடியில் ஏறினாள். இடுப்பைப் பிடித்துத் தூக்கித் தரையில் இறக்கிவிட்டு, "தாத்தாவுக்கு முட்டி வலி" என்றார். குழந்தை நம்பிவிட்டது. எனக்கு அந்த இடத்திலேயே அவர் சட்டையைப் பிடிக்கலாம் போல இருந்தது.

ஆறிப்போன காபியை எடுக்கப் போனபோது சொன்னார். "பாரதி, உங்க அப்பாவை வெள்ளிக்கிழமை கடைக்கு வரச் சொல்லிருக்கேன். நீ அங்கன போயி இரு. பிள்ளையையும் கூட்டிட்டுப் போ."

"எத்தனை நாளைக்கு மாமா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எதுக்குன்னாவது சொல்லுங்க."

"எதுக்குன்னு உனக்கே தெரியும். நீ படிச்ச பிள்ளை."

"அப்ப உங்க மகனையும் அந்தப் புள்ளிப் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லுங்க. பார்த்துட்டு அப்புறம் என்னை அனுப்புங்க."

"என்ன பேச்சு பேசுத" என்றார். குரல் உயரவே இல்லை. "வருஷக்கணக்கா காஞ்சிபுரத்துல அவந்தான் எனக்குப் பட்டு எடுத்துட்டு வாரான். ஒரு புடவை தப்பா வந்ததில்ல. அவனுக்கா கலர் தெரியாது? உன் தப்பை மறைக்க என் பிள்ளைய குருடனாக்காத."

ஆக, தப்பு என்ற சொல் வந்துவிட்டது. இன்ன தப்பு என்று மட்டும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சொல்லாத வார்த்தையோடு எப்படிச் சண்டை போடுவது?

அன்று மத்தியானம் கணவர் சாப்பிட வந்தபோது சமையலறைக் கதவைச் சாத்தினேன். மேடையில் நேந்திரம்பழச் சீப்பு கிடந்தது. அதன் மேல் பழ ஈக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு பச்சை மிளகாயையும் ஒரு சிவப்பு மிளகாயையும் அவர் முன்னால் வைத்தேன். "இதுல பச்சை எது?"

பார்த்தார். கை நீளவில்லை. முகத்தில் வேர்வை பூத்தது. "அம்மாவுக்கும் பாய்க்கும் மட்டும்தான் தெரியும்" என்றார் கடைசியில். "சின்னதுலேருந்து அம்மாதான் சட்டையெல்லாம் எடுத்து வைப்பா. யார்கிட்டயும் சொல்லாதேன்னா. வெளிய தெரிஞ்சா கடையே சிரிக்கும் பாரதி. அப்பா புதுக் கிளையை என் பேர்ல திறக்கப்போறார். பட்டுக் கடைக்காரனுக்குக் கலர் தெரியாதுன்னா எவன் வருவான்?"

"அதுக்காக டாக்டர்கிட்ட பொய் சொன்னீங்க."

"சின்னப் பொய்தானே."

"சின்னப் பொய்யா? தங்கம் உங்களுக்குப் பிறக்கலைன்னு உங்க வாயாலேயே சொல்லிட்டு வந்திருக்கீங்க. உங்கப்பா அதைக் கேட்டுட்டுத்தான் என்னை வீட்டை விட்டு அனுப்புறார்."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மிளகாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேச்சே, அப்பா அப்படி நினைக்க மாட்டார்" என்றார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன், தொடாத காபியை, முட்டி வலியை. கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "கிளை திறக்கட்டும். அப்புறம் நானே சொல்லிடுறேன். அதுவரைக்கும் மயிலாப்பூர்ல இருந்துக்கோயேன், பக்கம்தானே" என்றார்.

பக்கம்தானே. ஒரே பஸ்தான். ஆனால் அந்த பஸ்ஸில் ஏறிப் போனவள் என்னவென்று போனாள் என்பதை எங்கள் சொந்தக்காரர்கள் கடை கடையாகப் பேசுவார்கள். என் அப்பா கல்லாவில் உட்கார முடியாது. தங்கத்துக்கு வயசு வந்தால் யார் பெண் என்று கேட்பார்கள். இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? தெரியும். பயந்தாங்கொள்ளி. அவர் தட்டில் போட்ட சோற்றைத் திரும்ப எடுத்துப் பாத்திரத்தில் கொட்டினேன்.

மறுநாள் மெஹபூப் பாயைப் பிடித்தேன். உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னாம்மா இப்டி கேக்கற. சின்ன மொதலாளி என் கையைப் புடிச்சு சத்தியம் வாங்கிக்கினாரு. பெரிய ஊட்டு வெவகாரம், நான் வாயத் தொறந்தா நல்லா இருக்காதும்மா." எதற்காகக் கேட்கிறேன் என்று அவரிடம் சொல்லவும் எனக்கு நாக்கு எழவில்லை. எந்தப் பெண்ணுக்கு எழும்?

வெள்ளிக்கிழமை காலை. கடை திறந்து சாம்பிராணி காட்டியாகிவிட்டது, இன்னும் போணி ஆகவில்லை. அப்பா குடையும் கையுமாக வந்து சேர்ந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. பேத்தி சும்மா வருகிறாள் என்ற சந்தோஷத்தில் தங்கத்துக்கு வறுத்த பட்டாணிப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தார். "கொஞ்ச நாள் இருப்பீங்கல்லா?" என்று அவர் கேட்டபோது நான் குனிந்து தங்கத்தின் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன்.

"சம்பந்தி, உள்ள வாங்க. ஒரு விஷயம் பேசணும்" என்று மாமனார் எழுந்தார்.

அந்தச் சொல் என் அப்பா காதில் விழுந்துவிட்டால், அப்புறம் எந்தப் புள்ளிப் புத்தகமும் அதைத் திரும்ப எடுக்காது. நான் குறுக்கே போய் நின்றேன்.

"பேச்சு அப்புறம் இருக்கட்டும் மாமா. முதல்ல எனக்குப் புடவை."

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுப் பெண் பிறந்த வீட்டுக்குக் கிளம்பினால் கடையிலிருந்து ஒரு புடவை, அவள் கேட்கிற நிறத்தில், புருஷன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். மாமனார் வைத்த பழக்கம்தான். என்ன கோபம் இருந்தாலும், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, சம்பந்தி முன்னால் அதை அவரால் மறுக்க முடியாது. முகத்தைச் சுளித்துக்கொண்டு மெத்தையில் உட்கார்ந்தார். "எடுத்துக் குடுல."

என் கணவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். எந்தத் தட்டில் என்ன நிறம் என்பது அவருக்கு மனப்பாடம், பாய் வரிசை மாற்றாமல் அடுக்குவார். "அங்கே வேண்டாம்" என்றேன். நானே இரண்டு புடவையை எடுத்து மெத்தையில் போட்டேன். ஒன்று அரக்குச் சிவப்பு. ஒன்று பாசிப்பச்சை. இரண்டுக்கும் ஒரே ஜரிகை, ஒரே கனம்.

"சிவப்பு எடுத்துக் கொடுங்க. பாய், இன்னிக்கு நீங்க சொல்ல வேண்டாம்."

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். பாய் திறந்த வாயை மூடிக்கொண்டார்.  என் கணவர் என்னைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார். நான் அசையவில்லை. அந்த நிமிஷம் என் கல்யாணமே அந்த மெத்தையில் கிடந்தது, அவருக்கும் அது தெரியும்.

அப்போது பாய் கையில் இருந்த அளவு கோல் மெதுவாக நகர்ந்தது. சும்மா தரையில் ஊன்றுகிற மாதிரி, அரக்குப் புடவைக்கு நேரே போய் நின்றது.

நான் பார்த்தேன். என் கணவரும் பார்த்தார்.  பாவி மனுஷன் நல்லது செய்வதாக நினைத்து என்னைக் கிணற்றில் தள்ளிவிட்டார். என் கணவர் சரியான புடவையை எடுத்து நீட்டினால் போதும், என் கதை முடிந்தது. அவர் கை அரக்குப் புடவையின் மேல் போய் உட்கார்ந்தது.

"அது இல்லப்பா."

தங்கம். ஒரு கையில் பட்டாணிப் பொட்டலம், இன்னொரு கையால் பச்சைப் புடவையின் முந்தியை இழுத்துக்கொண்டிருந்தாள். "அது பச்சைப்பா. இதான் சிவப்பு. அம்மாவுக்கு இதைக் குடு."

என் அப்பா சிரித்தார், குழந்தை விளையாடுகிறாள் என்று. வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமனார் முகம் கறுத்தது. என் கணவர் புடவையிலிருந்து கையை எடுக்காமல் தங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதான்ப்பா, சரியாப் பாரு" என்று அவள் முந்தியை அவர் கை மேல் போட்டாள்.

அவர் அரக்குப் புடவையிலிருந்து கையை எடுத்தார்.

"அப்பா" என்றார். மாமனாரைத்தான். "பாய் கோலை நீட்டிக் காட்டினார். அதனாலதான் இதைத் தொட்டேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். தங்கம் கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அப்படித்தான் எனக்கும் தெரியுது. பிறந்ததுலேருந்தே."

"என்னல சொல்லுத?"

"டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். அவ என் மகதான்ப்பா."

மாமனார் பாயைப் பார்த்தார். பாய் கோலைக் கீழே வைத்துவிட்டு, "மன்னிச்சிக்கோங்க மொதலாளி. காஞ்சிபுரத்துலயும் நான் சொல்லித்தான்" என்றார். 

 மாமனார் யாரையும் பார்க்காமல் சொன்னார். "பேச்சியோட அண்ணன் ஒருத்தன் இருந்தான். தோட்டத்துல மொளகா பறிச்சுட்டு வாடான்னா பழமும் காயுமா பறிச்சுட்டு வருவான். கிறுக்கன்னு எல்லாரும் சிரிப்போம்." பேச்சியம்மாள் என் மாமியார். அண்ணனிடம் வெளியே தெரிந்தது தங்கையிடம் ஒளிந்திருந்து, அவள் மகனிடம் மறுபடி வெளியே தெரிந்து, மகனிடமிருந்து பேத்திக்கு வந்திருக்கிறது. என் வழி, உன் வழி என்று இனி யார் பேசுவார்கள்?

"பாரதி" என்றார். குரல் உடைந்திருந்தது. "ஒரு வாய் தண்ணி குடும்மா."

என் கையால் கேட்கிறார். காபியைத் தொடாத மனுஷர். எனக்கு இரக்கமும் வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

"பாய், மாமாவுக்குத் தண்ணி எடுத்துக் கொடுங்க" என்றேன்.

"என்னம்மா நடக்குது இங்க?" என்று அப்பா கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா. கண் டெஸ்ட்."

பச்சைப் புடவையை மடித்துப் பையில் வைத்தேன். இப்போது என்னை யாரும் அனுப்பவில்லை, இருக்கச் சொல்லித்தான் கெஞ்சினார்கள். அதனாலேயே கிளம்பினேன். என் கணவர் பஸ் நிறுத்தம் வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எப்ப வருவ?" என்றார்.

"மாமாவைக் கூட்டிக்கிட்டு அந்த டாக்டர்கிட்ட போங்க. அவர் எதிர்ல நீங்க அந்தப் புத்தகத்தைப் படிங்க. என்னைப் பத்தி மனசுல என்ன நினைச்சார்னு மாமா வாய் திறந்து சொல்லட்டும். சொல்லிட்டு வந்து கூப்பிடுங்க. வாரேன்."

தலையாட்டினார். பஸ் வந்தது. அப்பா முன்னால் ஏறினார். தங்கத்தை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். வண்டி நகர்ந்த பிறகும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

தங்கம் ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தாள். "அம்மா, அப்பாவுக்கும் வாழை இலை நான் கலர் அடிச்ச மாதிரிதான் தெரியுமா?"

"ஆமா."

"அப்ப நான் வரைஞ்சது சரிதானே?"

சரிதான் என்றேன். அத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.